தொட்டுப் பார்க்காத கொழுந்து

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் லுணுகலைப் பக்கம் உள்ள தங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டேன். வைத்திராவிட்டால் கொட்டியிருப்பேன். அந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் விரும்பிய பெண். என்னை விரும்பியவள். அவளிடம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிராது.

பையன் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். என் மகள் அதே தெருவில் முன்பள்ளி ஆசிரியை. பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் பார்த்துப் பேசிப் பழகியிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பையனின் அம்மாவும் நல்ல கலகலப்பான மனுஷி. என் மனைவி சுட்டு வைத்திருந்த முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, இது பல்லுக்குச் சுட்டதா, உரலுக்குச் சுட்டதா?" என்று கேட்டார்.

"பல்லு உள்ளவங்களுக்குச் சுட்டதுங்க," என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கல்யாணம் முடிந்த மாதிரியே இருந்தது. எழும்பிப் போகும்போதுதான் அந்த அம்மா வாசலில் நின்று சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. எங்க லயத்துல உங்க தோட்டத்துல பொறந்த ஒருத்தங்க இருக்காங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு சொல்றோம்."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். பெண் எடுக்கும் முன்னால், பெண்ணின் தோட்டத்தில் பிறந்து தங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். பெண்ணைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். அப்பன் எப்படி, ஆத்தா எப்படி, வந்தவர்களுக்குச் சோறு போடுகிற வீடா, நாலு பேருக்கு முன்னால் மரியாதை தெரிந்தவர்களா என்றுதான் கேட்பார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால் போதும், பேச்சு அதோடு நின்றுவிடும். காரணம் கூடச் சொல்லமாட்டார்கள்.

"கேளுங்க, கேளுங்க. நல்லாக் கேளுங்க," என்று என் மனைவி சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். என் மகள் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்த பிறகு அம்மாவின் சம்பளம் ஒன்றுதான். கொஞ்ச வருடம் புல்லு வெட்டினேன். பிறகு மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கினேன். தெமோதரைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில்தான் எல்லாம். ஒரு நாள் கணக்கப்பிள்ளை ஐயா என்னைக் கூப்பிட்டு, "உனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும், கையும் சுத்தம். நாளையிலயிருந்து தராசுல நில்லு," என்றார்.

பெண்கள் மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட நிறுவைக் கொட்டகை. நான் சாக்கைத் தராசில் மாட்டி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கிலோவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதோடு சாக்குக்குள் கையை விட்டு அளைந்து பார்க்க வேண்டும். இலை ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு இவ்வளவு, முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கு இவ்வளவு என்று கழிவும் நான்தான் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை ஐயா தலையை நிமிர்த்தாமல் கழித்து எழுதிக்கொள்வார். அன்றைக்கு வர வேண்டிய கிலோ வந்தால் அவர்களுக்கு ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர்.

இலையைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. சத்தமாகச் சொல்வதுதான் கஷ்டம். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. மூன்று நாலு சாக்கு போன பிறகு ஒருத்தி வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, கூடையின் கயிறு நெற்றியில். நான் கிலோவைச் சொன்னேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னாங்க, கொழுந்துகிட்டயா சொல்றீங்க? எங்ககிட்ட சொல்லுங்க," என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. வெட்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் சாயந்திரம் சாக்கை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள், "இன்னைக்குக் கொஞ்சம் கேட்டிச்சு."

அதற்குப் பிறகு அவள் வரிசையில் கடைசி ஆளாக நிற்கத் தொடங்கினாள். நிறுவை முடிந்து, அவள் வெறுங்கூடையோடும் நான் தராசுக் கொக்கியோடும் எங்கள் வரிசை வீடுகள் உள்ள லயத்துத் திருப்பம் வரைக்கும் நடப்போம். முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். பேசுவது அவள்தான். அம்மாவுக்கு இழுப்பு, கோழி அடை வைத்தது, தங்கச்சி பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, இப்படி. நான் "ம்" போடுவேன்.

ஒரு நாள் சொன்னாள், "நீங்க 'ம்'மைத் தவிர ரெண்டு வார்த்த பேசினா, வர்ற வெள்ளிக்கெழமை கோயிலுக்கு ஒரு தேங்கா ஒடைக்கிறேன்."

"ஒடைங்க அப்ப," என்றேன்.

உண்மையாகவே உடைத்தாள். வெள்ளிக்கிழமை இரவு அவளுடைய தங்கச்சி ஒரு தேங்காய் மூடியைக் கொண்டுவந்து எங்கள் அம்மாவிடம் கொடுத்து, "அக்கா குடுக்கச் சொல்லிச்சு, வேண்டுதலாம்," என்று சொல்லிவிட்டு ஓடியது. அம்மா அந்த மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தேங்காயில் அம்மா அரைத்த சம்பலை நான் நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

தோட்டத்துத் திருவிழா நெருங்கியபோது அவள் கேட்டாள், "அம்மாவ எப்ப எங்க வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"திருவிழா முடியட்டும்," என்றேன். அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிய காரியம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

*

இப்படிப்பட்ட பேச்சு லயத்தில் எத்தனை நாள் மறைந்திருக்கும்? பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயந்திர நிறுவையில் கேலி தொடங்கியது.

"மச்சான் கையில தராசு இருந்தா கொழுந்து தானா கனக்கும்டி."

"எங்க சாக்குலயும் ஒரு தம்பி ஏறி ஒக்காந்தா நல்லாத்தான் இருக்கும்."

அவள் அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டாள். "உங்க சாக்குல ஏறினா தம்பி நசுங்கிப் போவாரு, அக்கா," என்று திருப்பியும் கொடுத்தாள். எனக்குத்தான் காது சுட்டது. பிறகு ஒரு நாள் யாரோ ஒருத்தி கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னாள், "அவளுக்கு மட்டும் கழிவே கெடையாது போல."

கணக்கப்பிள்ளை ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நான் அவளுக்கு ஒரு கிராம் கூடக் கூட்டிச் சொன்னவன் இல்லை. அது அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்கென்று இருந்தது அந்தக் 'கை சுத்தம்' என்ற பேர் ஒன்றுதான். அது போய்விடுமோ என்று பயந்தேன். அவளுடைய சாக்கு தராசில் தொங்கியபோது, ஒரு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் "ரெண்டு" என்றேன். வரிசை அமைதியாகிவிட்டது. ஐயா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நியாயமாக நடந்துகொண்டேன் என்று கூட நினைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். முதல் நாள் நான் தவறிச் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். பிறகு லயத்துத் திருப்பத்தில் நின்று கேட்டாள்.

"ஏன் இப்பிடிச் செய்றீங்க?"

"எல்லாரும் பேசுறாங்க."

"பேசினா பேசட்டும். அவங்க வாயி வலிச்சா நிப்பாட்டுவாங்க. அதுக்கு எதுக்கு என் கொழுந்தக் கழிக்கிறீங்க?"

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க."

அவள் பொறுத்துக்கொண்டாள். நான் கழிக்கிற கிலோவை ஈடுகட்ட அவள் காலையில் எல்லாருக்கும் முன்னால் மலைக்கு ஏறினாள். மத்தியானம் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது, ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே கொழுந்து எடுத்தாளாம். விரல் முழுக்கக் கறுத்து, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டிருந்ததைச் சாக்கைத் தூக்கி மாட்டும்போது நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கழித்தேன். அவளுடைய உடம்பில் இருந்து எடுத்து என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

திருவிழாவுக்கு முந்திய வாரம் கடுங்குளிர். கொழுந்து துளிர்க்கவில்லை. எல்லாருடைய சாக்கும் சுருங்கிப்போய் வந்தது. அதில் ஒரு நாள் பகல் நல்ல வெயில். ஈரத்துக்கு இடமே இல்லை. அவள் சாக்கு தராசில் தொங்கியபோது, சாக்குக்கான கழிவு போக, சரியாக ஒரு பேருக்கான கிலோ இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. வேறு எதற்காவது இருந்திருக்கலாம்.

"மூணு கழிவு," என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "சாக்குல கை வைக்கவே இல்லியே. தொட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டால் இலை காய்ந்திருக்கும், கழிவைக் குறைக்க வேண்டி வரும், அவள் சொன்னதற்கு மடங்கிவிட்டான் என்பார்கள். இவ்வளவும் எனக்குள் ஓடியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மூணுதான்."

"சொல்லியாச்சில்ல. அடுத்த ஆளு," என்றார் ஐயா. அவளுக்கு அரைப்பேர் விழுந்தது.

அவள் சாக்கைத் தானே இறக்கி, தானே கொட்டி, உதறி மடித்துக்கொண்டு போனாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அடுத்து நின்றவர், முதன்முதலில் கேலி செய்த அந்த அக்காதான். அவர் சாக்கை மாட்டிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "நாங்க சும்மா வெளயாட்டுக்குத்தானேப்பா சொன்னோம்."

*

அதற்குப் பிறகு அவள் கடைசியில் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் கங்காணியிடம் கேட்டு மேல்மலை ஆட்களோடு சேர்ந்துவிட்டாள். அவர்களுக்கு நிறுவை வேறு மடுவத்தில். அவளுடைய லயம் எங்கள் லயத்துக்கு மேலேதான் இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பாதையை மாற்றிக்கொண்டேன். தண்ணீர் விழும் பீலிக்குக் குடம் எடுத்துப் போகிற நேரத்தையும் மாற்றிக்கொண்டேன்.

திருவிழா முடிந்ததும் அம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "எப்பப்பா போகலாம்?" என்று கேட்டார். "வேணாம்மா," என்றேன். விடாமல் கேட்டதில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு, "பயம் ஒனக்கு, பட்டினி அவளுக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்த வருடக் கடைசியில் லுணுகலைப் பக்கம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. அம்மா ஒரு சேலை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தார். நான் ஐயாவிடம் சொல்லித் தராசிலிருந்து விலகி, தேயிலை ஃபெக்டரியில் மூட்டை தூக்கப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அவள் நினைத்திருந்தால் என்னை அந்த வருடமே லயம் லயமாகச் சிரிக்க வைத்திருக்கலாம். "கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு என் கூலியில கை வச்சவன்" என்று ஒரு வார்த்தை பீலிக்கரையில் சொல்லியிருந்தால் போதும். எனக்கு யாரும் பெண் கொடுத்திருக்கமாட்டார்கள். அவள் சொல்லவில்லை. அவளுடைய தங்கச்சி கூட என்னைக் கண்டால் பழையபடி சிரித்துவிட்டுத்தான் போகும். மூன்று வருடம் கழித்து, பெரகலைப் பக்கத்திலிருந்து எனக்குப் பெண் பேசியபோது, அவர்களும் எங்கள் தோட்டத்தில் விசாரித்தார்கள். 'வாய் இல்லாத பையன், நல்ல பையன்' என்றுதான் பதில் போனது. என் மனைவி வந்ததும், பிள்ளைகள் பிறந்ததும், இந்த வீட்டில் இருக்கிற சிரிப்பும், அந்த ஒருத்தி சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு மேல் நிற்கின்றன. இதை நான் பல தடவை நினைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் என்னிடம் மாறியது. என் மனைவிக்காகத் தண்ணீர் தூக்குவேன், அவள் சேலையைக் கொடியில் உலர்த்துவேன். "மாப்ள, அடுத்து என்ன, மருதாணியா?" என்று ஃபெக்டரி ஆட்கள் கேட்பார்கள். "ஆமா, அரைச்சு வச்சிருக்கு, வாங்க," என்பேன். காது சுடுவதெல்லாம் நின்றுவிட்டது. அதையும் நான், அன்றைக்குக் கேலியைச் சிரித்துத் தள்ளிய அவளிடமிருந்துதான் கற்றேன். அவள் கொடுத்த விலையில்.

*

முடிவு சொல்கிறோம் என்று போனவர்கள் ஒரு வாரமாகப் பேசவில்லை. என் மகள் தொலைபேசியைக் கையை விட்டு இறக்கவில்லை. "அங்க யாரப்பா அது? நம்ம மேல ஏதும் கோவமா?" என்று என்னிடமே கேட்டாள். என் தப்புக்கு என் பிள்ளை நிற்க வேண்டி வந்துவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் பதுளைக்குப் போய், லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். அவளை நேரில் கண்டு கேட்டுவிடலாம் என்று நினைப்பு. பஸ் பசறையில் கொஞ்ச நேரம் நின்றது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடம் போகாதவன் இன்றைக்குப் போகிறேன். எதற்கு? என் பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்லு என்று கேட்க. அன்றைக்கும் என் பேருக்காக அவளைப் பொறுத்துக்கச் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் கேட்கப் போகிறேன். பசறையில் இறங்கிவிட்டேன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அவளுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மனம் தேறவில்லை.

செவ்வாய்க்கிழமை பையனின் அம்மா பேசினார். என் மனைவி தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"சம்பந்தியம்மா, உங்க மாமியாரு பெரிய மனுஷியாமே. அந்த வீட்டு வாசல்ல பசின்னு நின்னவங்க யாரும் சும்மா திரும்பினதில்லையாம். எங்க லயத்து அக்கா கல்யாணத்துக்குச் சேல எடுத்துக்கிட்டு ஒத்தையா பஸ் ஏறி வந்தாங்களாம். இன்னும் அந்தச் சேல இருக்குன்னு எடுத்துக் காட்டிச்சு அந்தக்கா."

"இவரப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று என் மனைவி கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணனா? ரொம்பக் கூச்ச சுபாவமாமே. 'கெட்டவரு இல்ல, தைரியமாக் குடுங்க எடுங்க'ன்னிச்சு. ஆனா ஒண்ணு, எங்களையும் ஒரு வெரட்டு வெரட்டிருச்சு. 'எங்க ஊரு புள்ள வருது. நாலு பேரு முன்னால அத யாராச்சும் கொறச்சுப் பேசினீங்க, நான் வந்து கேப்பேன்'ன்னு சொல்லிச்சு. அப்பிடியொரு ஆளு உங்க புள்ளைக்கு இங்க இருக்கு, நீங்க கவலப்படாதீங்க."

நான் எழும்பி வெளியே போய் விறகு அடுக்கினேன். அடுக்கி வைத்திருந்த விறகைத்தான் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

கல்யாணம் பதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பஸ்ஸில் அவளும் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நடையில் மட்டும் வித்தியாசம் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். சொல்ல வேண்டியதைத் தொடங்கத் தெரியாமல் தோளில் இருந்த சால்வையைச் சரிசெய்தேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, "பொண்ணு வாயாடி. அம்மாவப் போல, நல்ல வேள," என்று சிரித்தாள். "சாப்பிட்டீங்களா? மொதப் பந்தி எழும்புது, போங்க." அவ்வளவுதான். பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மகள் பேசினாள். அங்கே விடாமல் மழை என்றாள். தனக்கு இருமல், அந்த அம்மாதான் தினமும் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து தருகிறார் என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, நான் அவங்கள என்ன மொற சொல்லிக் கூப்புடணும்? இவங்க கூப்புடுற மாதிரி அக்கான்னு கூப்புட்டேன். 'நீ எங்க ஊரு புள்ள, நம்ம ஊரு மொறையில கூப்புடு. என்ன மொறன்னு ஒங்கப்பாகிட்ட கேட்டுக்கிட்டு வா'ன்னு சொல்லிட்டாங்க."

எங்கள் லயங்களில் ரத்த உறவு இல்லாவிட்டாலும் முறை உண்டு. அவளுடைய அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அப்படிப் பார்த்தால் அவள் எனக்குக் கட்டிக்கொள்ளும் முறை. என் பிள்ளைக்கு அத்தை ஆகமாட்டாள். அத்தை என்றால் எனக்குத் தங்கச்சி என்று ஆகிவிடும். அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கும் சுலபம். பக்கத்தில் என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது.

நான் அவளுக்கு யார் என்று அங்கேயிருந்து அவள் என்னிடமே கேட்டு அனுப்பியிருக்கிறாள் என்று புரிந்தது. கோபமாக இல்லை. கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

"பெரியம்மான்னு கூப்புடு," என்றேன்.

"பெரியம்மாவா?"

"ஆமா. அதுதான் மொற."

என் மனைவி மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். "இத்தன வருஷமா எனக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்ல," என்றாள். எனக்கு முகம் வேர்த்துவிட்டது. அவள் நிமிராமலே, "ஒங்கம்மா சொல்லிட்டாங்க. நான் வந்த வருஷமே," என்றாள்.

அந்தப் பக்கம் மகள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "பெரியம்மா, பெரியம்மா, இங்க வாங்க, அப்பா பேசுறாங்க." நான் ஒன்றும் கேட்கவில்லை, பேசுகிறேன் என்று சொல்லவும் இல்லை. தொலைபேசி கை மாறிவிட்டது. மழைச் சத்தம் கேட்டது. அவள் மூச்சு கேட்டது.

"அன்னைக்கு," என்றேன். "அன்னைக்குத் தொட்டுப் பாத்திருக்கணும். பாக்காமலே சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டிச்சு," என்றாள் பிறகு. "புள்ளைக்கு இருமல் கொறஞ்சிருக்கு. ராவைக்கு வெளிய வர வேணாம்ன்னு சொல்லியிருக்கேன், கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அக்காவையும் ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்க."

"அக்கா இல்ல, தங்கச்சி," என்று என் மனைவி அரிசித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள். "நீங்கதான் பெரியவங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றோம்."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. என் மகளும் சேர்ந்து சிரித்து, சிரிப்பில் இருமினாள். "பாத்தியா, பாத்தியா," என்று அவள் என் மகளை அதட்டிக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முறுக்குச் சுட வேண்டும் என்று என் மனைவி உளுந்து வறுக்க எழும்பினாள். நான் அடுப்பு மூட்டிக் கொடுத்தேன்.